கையிருப்பு எத்தனை சுற்றுக்குத் தாங்கும்?

நமது சங்க இதழில் சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. சூதாட்டத்தால் கடையை இழந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருக்குறளில் சூதுக்கென்றே தனி அதிகாரம் உண்டு. ஜெயித்தாலும் அது வேண்டாம் என்பதே அங்கே கிடைக்கும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மாற்ற நாம் வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் நடக்கும் போக்கர் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் போடும் ஒரு கணக்கு இருக்கிறது. அது சீட்டைப் பற்றிய கணக்கு அல்ல. கையிருப்பைப் பற்றிய கணக்கு. கல்லாவில் உட்காரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது நமது மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சு. தகப்பனாரின் மளிகைக்கடையைச் சில ஆண்டுகளாக நடத்தி வரும் இளம் உறுப்பினர் ஒருவர், கூட்டம் முடிந்தபின் மூத்த உறுப்பினரிடம் வந்தார். "அண்ணாச்சி, கையில நாலு லட்சம் இருக்கு. எதிர்த்த வரிசையில பெரிய கடை வந்ததிலேருந்து வியாபாரம் இறங்கிப் போச்சு. தீபாவளிச் சரக்குல மொத்தத்தையும் போட்டுப் பார்த்திடலாமா?" என்று கேட்டார். மூத்தவர் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார்: "நாலு லட்சம் இருக்குன்னு சொல்லாதே தம்பி. வியாபாரமே நடக்கலேன்னா அது எத்தனை மாசத்துக்கு வரும், அதைச் சொல்லு."

இளைஞரிடம் அதற்கு உடனே பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இருக்காது. போக்கர் போட்டியில் உட்காருகிறவரோ அந்தப் பதில் இல்லாமல் ஒரு சீட்டைக்கூடத் தொடமாட்டார்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். போக்கரில் பல வகை உண்டு. பெரிய போட்டிகளில் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், எதிராளி ஏற்றியதற்கு ஈடு கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்.

போட்டி ஆட்டத்துக்கும் சாதாரணப் பண ஆட்டத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பண ஆட்டத்தில் தோற்றவர் சட்டைப் பையிலிருந்து மறுபடி எடுத்து வைக்கலாம். போட்டியில் எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி, ஒரே அளவு வில்லைகளை வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். வில்லை தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். பாதியில் எழுந்து, வில்லையைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. யார் கடைசி வரை தாக்குப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வரிசைப்படி பரிசு.

இந்தப் போட்டிகளில் பெரியது உலகப் போக்கர் தொடர். லாஸ் வேகாஸ் நகரில் பென்னி பினியன் என்பவர் தமது ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970-இல் தொடங்கியது. முதல் ஆண்டு ஒரு சிலரே ஆடினர். ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பில் ஜானி மாஸ் என்பவர் சிறந்தவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் வில்லை தீரும் வரை ஆடும் முறை வந்தது. 2024-இல் அதன் முதன்மைப் போட்டியில் 10,112 பேர் தலைக்கு 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தார்கள்.

கேட்காமலே போகும் பணம்

எல்லோரும் நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் ஆட்டம் நகராது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பந்தயம் வைக்க வேண்டும். ஒருவர் சிறிய தொகை, அடுத்தவர் அதைப் போல் இருமடங்கு. இந்தப் பொறுப்பு மேஜையைச் சுற்றி வரும். போட்டி முற்றும்போது ஆளுக்கு ஒரு சிறு தொகையும் சேர்ந்துகொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இந்தத் தொகைகள் உயர்த்தப்படும்.

இது நமக்குப் புதிய விஷயமல்ல. கடை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், வாங்கிய கடனுக்கு வட்டி. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கேட்காமலே போகும் பணம் இது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மேஜையில் ஒன்பது பேர். கட்டாயப் பந்தயம் 500, 1,000. ஆளுக்கு 100 வீதம் 900. ஆக, மேஜை ஒருமுறை சுற்றி வர ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு 2,400. ஒருவரிடம் 24,000 இருந்தால், ஒரு சீட்டும் ஆடாமல் பத்துச் சுற்று உட்காரலாம். இப்போது தொகைகள் இருமடங்காகின்றன: 1,000, 2,000, ஆளுக்கு 200 வீதம் 1,800. சுற்றுக்கு 4,800. அதே 24,000 இனி ஐந்து சுற்றுக்குத்தான் வரும். அவர் ஒரு வில்லைகூட இழக்கவில்லை. ஆனாலும் அவருடைய கையிருப்பு பாதியாகிவிட்டது.

கையிருப்பைச் சுற்றுச் செலவால் வகுத்துக் கிடைக்கும் இந்த எண்ணை ஆட்டக்காரர்கள் 'எம்' என்பார்கள். பால் மக்ரீல் என்ற ஆட்டக்காரரின் பெயரின் முதல் எழுத்து அது. 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன், 2005-இல் வெளிவந்த தமது நூலில் இதை விரிவாக விளக்கி, கையிருப்பை நிறங்களாகப் பிரித்தார். 20 சுற்றுக்கு மேல் தாங்கினால் பச்சை. 10 முதல் 20 வரை மஞ்சள். 6 முதல் 10 வரை ஆரஞ்சு. அதற்குக் கீழே சிவப்பு. ஒரு சுற்றுக்கும் போதாது என்றால் அதை அவர் செத்த நிலை என்றே குறித்தார்.

ஒரே சீட்டு, வேறு வேறு முடிவு

பச்சையில் இருப்பவர் பொறுமையாக ஆடலாம். சிறு தொகை போட்டுப் பெரிய லாபம் எதிர்பார்க்கும் முயற்சிகளும் அவருக்குக் கட்டுப்படியாகும். உதாரணமாக, கையில் இரண்டு ஐந்து வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் திறக்கும் மூன்று சீட்டில் இன்னொரு ஐந்து வந்தால் அது வலுவான கை. ஆனால் அது சுமார் எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான் வரும். இதைப் பார்க்க 2,000 செலவாகும் என்றால், வருவதற்குள் சராசரியாக 17,000 போகும். எதிராளியிடமும் நம்மிடமும் 60,000 இருந்தால், வந்த அன்று போட்டதைத் திரும்ப எடுக்க வழி உண்டு. இருவரில் ஒருவரிடம் 12,000-தான் இருக்கிறது என்றால், முழுவதையும் ஜெயித்தாலும் நஷ்டம் தீராது. சீட்டு ஒன்றே, முடிவு வேறு.

இங்கே இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். இருவர் மோதும்போது பந்தயத்தின் அளவு குறைவாக வைத்திருப்பவரின் அளவுதான். 50,000 வைத்திருப்பவர் 6,000 வைத்திருப்பவரோடு மோதினால் பணயம் 6,000. தோற்றால் பெரியவருக்கு இன்னும் 44,000 மிச்சம். சிறியவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. இருவரும் ஒரே தொகைக்கு ஆடுகிறார்கள் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் ஒருவர் லாபத்துக்கு ஆடுகிறார், மற்றவர் உயிருக்கு ஆடுகிறார். பெரிய கடை ஒரு மாதம் சர்க்கரையை அடக்கவிலைக்குக் கீழே விற்பதும், நாம் அதைப் பார்த்து அப்படியே விற்பதும் ஒன்றல்ல என்பது இதனால்தான்.

காத்திருந்து கெட்டவர்

அப்படியானால் கையிருப்பு குறைந்தவர் ஒதுங்கி ஒதுங்கியே ஆட வேண்டுமா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதுதான் தவறு.

கையிருப்பு குறைந்தவரிடம் இருக்கும் ஒரே பலம், தம்மிடம் உள்ள மொத்தத்தையும் முன்னே தள்ளி எதிராளியை ஒதுங்க வைப்பது. முன்சொன்ன மேஜையில், நடுவில் 2,400 கிடக்கிறது. ஒருவர் தமது 10,000-ஐ மொத்தமாக வைக்கிறார். 1,000 கட்டாயப் பந்தயம் வைத்தவர் இன்னும் 9,000 போட வேண்டும். போட்டால் மொத்தம் 21,400-க்கு ஆட்டம். நூற்றுக்கு 42 தடவையாவது ஜெயிக்கும் என்றால்தான் அவருக்குக் கட்டும். ஆகவே சுமாரான சீட்டுகளை அவர் கவிழ்த்துவிடுவார். எல்லோரும் கவிழ்த்தால் 2,400 சும்மா வரும். 10,000 என்பது 12,400 ஆகும்.

இவரே பயந்து காத்திருந்து, 3,000 ஆனபிறகு அதைத் தள்ளினால் என்ன ஆகும்? எதிராளி இன்னும் 2,000 போட்டால் போதும், 7,400-க்கு ஆட்டம். நூற்றுக்கு 27 தடவை ஜெயித்தாலே அவருக்குக் கட்டும். ஏறக்குறைய எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் அவர் ஈடு கட்டிவிடுவார். இப்போது இவரைப் பார்த்து யாரும் ஒதுங்கமாட்டார்கள். சீட்டு வந்தால்தான் பிழைப்பு. காத்திருந்ததில் போனது 7,000 வில்லைகள் மட்டுமல்ல. மற்றவர்களை யோசிக்க வைக்கும் தகுதியும் போய்விட்டது.

வியாபாரத்தில் இதை நாம் வேறு பெயரில் அறிவோம். ஆறு மாதச் செலவுக்குக் கையில் உள்ளவர் மண்டிக்குப் போய்ப் பேசினால் மொத்த வியாபாரி உட்கார வைத்துப் பேசுவார், தவணை கொடுப்பார், விற்றதுபோக மிச்சத்தைத் திருப்பிக்கொள்ளவும் சம்மதிப்பார். அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவர் போய்க் கேட்டால் ரொக்கம் எங்கே என்பார். சரக்கும் அதுவே, ஆளும் அவரே. மாறியது கையிருப்பு. ஆகவே பேச வேண்டியதைக் கை வலுவாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

வருவதும் போவதும் சமமல்ல

இனி இந்தக் கணக்கில் நுட்பமான பகுதிக்கு வருவோம். உலகப் போக்கர் தொடரின் தொடக்க ஆண்டுகளில் முதன்மைப் போட்டியின் பரிசு முழுவதும் வென்றவர் ஒருவருக்கே போயிற்று. 1978 முதல் பலருக்கும் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு 42 பேர் ஆடினர். வென்ற பாபி பால்டுவின் மொத்தப் பரிசில் பாதியான 2,10,000 டாலரைப் பெற்றார்.

பரிசைப் பிரித்ததும் கணக்கு மாறிவிட்டது. பாதி வில்லைகள் வைத்திருப்பவரின் நிலை பாதிப் பரிசுக்குச் சமமாக இல்லாமல் போயிற்று. எவ்வளவு வில்லைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு வழியை மேசன் மால்முத் 1987-இல் தமது நூலில் எழுதினார். 1973-இல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியல் அறிஞர் குதிரைப் பந்தய முடிவுகளைக் கணிக்க வகுத்த சூத்திரமும் இதே வழியில் அமைந்ததுதான். அதன்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். பரிசுகள் 5,000, 3,000, 2,000 டாலர். மொத்தம் 10,000 வில்லைகள். பெரிய கையிடம் 5,000. நடுக் கையிடம் 3,000. சின்னக் கையிடம் 2,000. மூவரும் சம திறமை உள்ளவர்கள் என்று கொண்டால், அவர்கள் எதிர்பார்க்கக்கூடிய சராசரிப் பரிசு இது: பெரிய கைக்கு 3,839 டாலர், நடுக் கைக்கு 3,275, சின்னக் கைக்கு 2,886.

கவனியுங்கள். பெரிய கையிடம் சின்னக் கையைப் போல் இரண்டரை மடங்கு வில்லை இருக்கிறது. ஆனால் மதிப்பு ஒன்றரை மடங்குகூட இல்லை. காரணம் எளிது. எவ்வளவு வில்லை குவித்தாலும் முதல் பரிசு ஒன்றுதான் கிடைக்கும். எவ்வளவு குறைவாக வைத்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும் வரை மூன்றாம் பரிசு உறுதி. ஆகவே கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு வில்லையின் மதிப்பும் குறைந்துகொண்டே போகிறது. கடைசியாகக் கையில் மிஞ்சும் வில்லைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இருவர் சண்டையில் மூன்றாமவர் லாபம்

இப்போது பெரிய கையும் நடுக் கையும் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுக் கை தமது 3,000-ஐயும் வைத்துவிட்டார். காசைச் சுண்டிப் போடுவதைப் போல இருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. நியாயமான பந்தயம்தானே என்று தோன்றும்.

நடுக் கை ஜெயித்தால் அவருடைய மதிப்பு 4,100 ஆகும். தோற்றால் வெளியே, 2,000 பரிசு. சராசரி 3,050. மோதுவதற்கு முன் 3,275 இருந்தது. ஆக 225 டாலர் நஷ்டம். பெரிய கை ஜெயித்தால் 4,600, தோற்றால் 2,950. சராசரி 3,775. அவருக்கும் 64 டாலர் நஷ்டம். சரிபாதி வாய்ப்புள்ள பந்தயத்தில் இருவருமே நஷ்டப்படுகிறார்கள்!

அந்தப் பணம் எங்கே போயிற்று? சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கையிடம் போயிற்று. 2,886 ஆக இருந்த அவருடைய மதிப்பு 3,175 ஆக உயர்ந்துவிட்டது. ஒன்றும் செய்யாமல் 289 டாலர் லாபம்.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு சொல்கிறது. இந்த மோதல் கட்டுபடியாக வேண்டுமென்றால் பெரிய கைக்கு நூற்றுக்கு 54 வாய்ப்பு போதும். நடுக் கைக்கு 61 வேண்டும். இது தெரிந்துதான், பரிசு எல்லை நெருங்கும் நேரத்தில் பெரிய கையிருப்பு உள்ளவர்கள் நடுத்தரக்காரர்களை அடிக்கடி பந்தயம் ஏற்றி நெருக்குவார்கள். தம்மைவிடச் சிறியவர் இன்னும் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு முன்னால் வெளியேற எந்த நடுத்தரக்காரரும் விரும்பமாட்டார். வழக்கமாக மோதக்கூடிய நல்ல சீட்டையும் கவிழ்த்துவிடுவார். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஒரே தெருவில் இரண்டு மளிகைக்கடைகள் எண்ணெய்க்கும் பருப்புக்கும் போட்டி போட்டு விலை குறைத்ததை நாம் பார்த்ததில்லையா? ஆறு மாதத்தில் இரண்டு கல்லாவும் காலி. தெருமுனையில் விலையைக் குறைக்காமல், சரக்கைச் சுத்தமாக வைத்து, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த மூன்றாவது கடைக்காரர்தான் மிஞ்சினார்.

ஒரு வில்லையும் ஒரு நாற்காலியும்

போக்கர் உலகில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1982-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 104 பேர் ஆடினர். அவர்களில் ஜாக் ஸ்ட்ராஸ் என்ற நெடிய மனிதர் ஒரு பெரிய பந்தயத்தில் தோற்று, எல்லாம் போயிற்று என்று எழுந்தார். அப்போது கைதுடைக்கும் தாளுக்கு அடியில் 500 மதிப்புள்ள ஒரே ஒரு வில்லை கிடந்ததாம். அதை வைத்து மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் போட்டியையே வென்று 5,20,000 டாலர் பரிசு பெற்றார். ஒரு வில்லையும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்ற பேச்சு ஆட்டக்காரர்களிடையே நிலைத்ததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது. கடைசி வில்லை போகும் வரை ஆட்டம் முடியவில்லை. மனம் உடைந்தவர்களுக்கு நாம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இதையே வியாபாரத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வில்லையோடு உட்கார்ந்து வெளியேறியவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. இன்னொன்று, ஒரு வில்லை உள்ளவருக்கு முடிவு எடுக்க எதுவும் இல்லை. வைப்பதா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான். முடிவெடுக்கும் சுதந்திரம் என்பதே கையிருப்பு தரும் சொத்து. அது கரையக் கரைய நாம் தீர்மானிப்பது போய், வட்டிக்காரரும் வாடகைக்காரரும் நமக்காகத் தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள்.

எங்கே ஒப்பு முடிகிறது?

எதையும் எல்லை மீறி ஒப்பிடக் கூடாது. போக்கரில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது. நுழைவுக் கட்டணத்தில் விடுதியும் தனது பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆடுபவர்கள் மொத்தத்தில் போட்டதைவிடக் குறைவாகவே எடுப்பார்கள். வியாபாரம் அப்படியல்ல. நல்ல அரிசியை நியாயமான விலைக்குக் கொடுத்தால் வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் லாபம்.

செல்போனில் பணம் வைத்துச் சீட்டாடி நமது கடைப் பையன்களும், ஏன், சில முதலாளிகளும் இழந்தது கொஞ்சமல்ல. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமது கருத்து ஒன்றே: கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆட்டத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியம். போக்கர் மேஜையில் கட்டாயப் பந்தயத்தைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. மணி அடித்தால் அது ஏறும், அவ்வளவுதான். வியாபாரியால் அதைக் குறைக்க முடியும். கையிருப்பைக் கூட்டினால் மட்டும் காலம் நீள்வதில்லை. செலவைக் குறைத்தாலும் நீளும். போக்கர் ஆட்டக்காரருக்கு இல்லாத இந்த வசதி நமக்கு இருந்தும் நாம் பயன்படுத்துவதில்லை.

இளைஞர் போட்ட கணக்கு

நமது இளம் உறுப்பினர் அன்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி, வீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 80,000. நாலு லட்சம் ஐந்து மாதத்துக்குத்தான் வரும். இதுவரை நாலு லட்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தவர், ஐந்து மாதம் என்றதும் திடுக்கிட்டார். மறுவாரம் மூத்தவரிடம் வந்தபோது, "அண்ணாச்சி, சிவப்புக்குப் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

"இப்பவாவது தெரிஞ்சுதே, அது போதும். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு பார்" என்றார் மூத்தவர்.

முதல் வேலையாக, பாதி காலியாகக் கிடந்த குடோனை விட்டார். அதிக வட்டிக்கு வாங்கியிருந்த ஒரு சிறு கடனை, வீட்டில் சும்மா கிடந்த பழைய வண்டியை விற்று அடைத்தார். மாதச் செலவு 60,000 ஆயிற்று. கையில் அதே நாலு லட்சம். ஆனால் இப்போது ஆறரை மாதத்துக்கு மேல் வரும். அந்தக் கணக்கோடு மண்டிக்குப் போனார். தீபாவளிச் சரக்குக்குச் சொந்தப் பணம் ஒன்றரை லட்சம் மட்டும் போடுவது, மிச்சத்தைத் தவணையில் எடுப்பது, விற்காததில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொள்வது என்று பேசி முடித்தார். போட்ட ஒன்றரை லட்சமும் மூழ்கிப் போனாலும் மீதம் இரண்டரை லட்சம், நான்கு மாதத்துக்கு வரும். மொத்தத்தையும் போட்டிருந்தால் மூழ்கிய மறுநாளே ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

தீபாவளியில் அவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் வந்துவிடவில்லை. வெல்லமும் மாவும் நன்றாக ஓடின, உலர்பழம் தேங்கியது, அதில் ஒரு பகுதியை மண்டிக்காரர் பேசியபடி திருப்பி எடுத்துக்கொண்டார். எதிர்த்த வரிசைப் பெரிய கடை அங்கேயேதான் இருக்கிறது. இவருடைய கடையும் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது.

உறுப்பினர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று இரவு கல்லாவைச் சாத்தும் முன், வரவு செலவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று எண்களை எழுதுங்கள். கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம் எவ்வளவு? விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் போவது எவ்வளவு? முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவது எவ்வளவு? வாடிக்கையாளர் கடனையும் தேங்கிய சரக்கையும் இதில் சேர்க்க வேண்டாம். அவை வரும்போது வரட்டும். மாதம் ஒருமுறை அந்த மூன்றாவது எண்ணை எழுதி வாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், நன்றாகக் குறைந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். நம் சொல்லை மற்றவர்கள் மதிக்கும் அளவுக்குக் கையில் இருக்கும்போதே எழுந்து போய்ப் பேசுங்கள். சங்க அலுவலகமும் அதற்காகத்தான் திறந்திருக்கிறது.